கீமோ நாளும் நள்ளிரவுப் படபடப்பும்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மார்பகப் புற்றுநோய் சிகிச்சை பற்றி இப்பகுதியில் சென்ற மாதம் எழுதியபோது மருந்தையும் உணவையும் காப்பீட்டையும் பற்றியே கேள்விகள் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பயத்தைப் பற்றியவை. அவற்றிலிருந்து நான்கினை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். எழுதியவர்களின் அடையாளம் தெரியாதவாறு சில விவரங்களை மாற்றியுள்ளேன்.

கேள்வி: எனக்கு வயது 46. பள்ளி ஆசிரியை. இடது மார்பில் அறுவை சிகிச்சை முடிந்து கீமோ நடந்துவருகிறது. இரண்டாவது கீமோ முடிந்த அன்று இரவு இரண்டு மணிக்குத் திடீரென்று விழிப்பு வந்தது. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது; விரல் நுனிகள் மரத்துப்போயின; மூச்சை இழுத்தால் உள்ளே போகவே இல்லை. உயிர் போகிறது என்றே நினைத்தேன். ஆட்டோவில் அருகிலிருந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டு, “ஒன்றுமில்லை, பயம்தான்” என்று அனுப்பிவிட்டார்கள். அதன்பின் மூன்று முறை அதேபோல் வந்துவிட்டது. இப்போது பேருந்து மருத்துவமனைச் சாலையில் திரும்பும்போதே குமட்டுகிறது. வீட்டில் எல்லோரும் “தைரியமாக இரு, நீ பயந்தால் நோய் கூடிவிடும்” என்கிறார்கள். உண்மையிலேயே கூடுமா? அந்தச் சிவப்பு மருந்து என் இதயத்தைக் கெடுத்துவிட்டதா?

பதில்: கடைசியில் நீங்கள் கேட்டிருக்கும் இரண்டு கேள்விகளிலிருந்தே தொடங்குகிறேன். அவை மனத்தை அரித்துக்கொண்டிருக்கும்வரை வேறு எதைச் சொன்னாலும் காதில் ஏறாது.

பயப்படுவதால் மார்பகப் புற்றுநோய் கூடும் என்பதற்கு உறுதியான மருத்துவச் சான்று இல்லை. கட்டியின் அளவு, அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்களுக்கு அது பரவியிருக்கிறதா என்பது, கட்டியின் துணுக்கை எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸியில் ஹார்மோன் ஏற்பிகளும் ஹெர்2 புரதமும் தென்படுகின்றனவா என்பது, அவற்றுக்கு ஏற்ற சிகிச்சை உரிய நாளில் தடையின்றி நடப்பது ஆகியவைதான் நோயின் போக்கைத் தீர்மானிப்பவை. உங்கள் வீட்டார் அன்பினால்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நோயைச் சுமந்துகொண்டிருப்பவரின் தலையில், ‘என் பயத்தினால்தான் இது முற்றுகிறதோ’ என்ற இன்னொரு சுமையையும் தூக்கிவைக்கும் பேச்சு அது. வாந்தி வரும் நோயாளியிடம் “வாந்தி எடுக்காமல் தைரியமாக இரு” என்று யாரும் சொல்வதில்லை. மாத்திரை வாங்கித் தருகிறார்கள். உங்களுக்கு வந்திருக்கும் படபடப்பையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். மருத்துவரிடம் சொல்லி மருத்துவம் பார்த்துக்கொள்ள வேண்டிய ஒரு தொல்லை அது. அது வந்ததை வைத்து உங்கள் மனத்திடத்தை அளக்க வேண்டாம்.

அடுத்தது இதயம். சிவப்பு மருந்து என்று நீங்கள் எழுதியிருப்பது டாக்சோரூபிசினாக இருக்க வேண்டும். அது இதயத் தசையைப் பாதிக்கக்கூடிய மருந்து என்பது உண்மைதான். அதனால்தான் தொடங்குவதற்கு முன்பே எக்கோ என்னும் இதய ஸ்கேன் எடுத்துப் பார்க்கிறார்கள். ஒருவருக்கு வாழ்நாளில் மொத்தம் எவ்வளவு கொடுக்கலாம் என்பதற்கு எல்லையும் வைத்திருக்கிறார்கள். மார்பகப் புற்றுநோய்க்கு வழக்கமாகக் கொடுக்கும் நான்கு தவணைகளைச் சேர்த்தாலும் அந்த எல்லைக்கு வெகு கீழேதான் நிற்கும். ஆயினும் உங்கள் சந்தேகம் நியாயமானது. அடுத்த கீமோவுக்கு முன் இரவில் நடந்ததை மருத்துவரிடம் சொல்லி, எக்கோ மீண்டும் தேவையா என்று கேளுங்கள். கேட்டால் என்ன நினைப்பாரோ என்று தயங்க வேண்டாம்.

அன்றிரவு “ஒன்றுமில்லை” என்று சொன்னவர், இதயத்தில் ஒன்றுமில்லை என்ற பொருளில் சொல்லியிருப்பார். ஆனால் ஒன்றுமே நடக்கவில்லை என்று அதற்குப் பொருளாகாது. உங்களுக்கு வந்ததன் விவரம், மருத்துவர்கள் ‘பேனிக் அட்டாக்’ என்று குறிப்பிடும் பீதித் தாக்குதலோடு அப்படியே பொருந்துகிறது. உயிருக்கு ஆபத்து என்று மூளை தவறாக மணியடித்துவிடுகிறது. உடனே அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமெடுக்கிறது, மூச்சு மேலோட்டமாகவும் விரைவாகவும் ஓடுகிறது. அப்படி ஓடும்போது இரத்தத்தில் கரியமில வாயு அளவுக்கு மீறிக் குறைவதால்தான் விரல் நுனியும் உதட்டோரமும் மரத்துப்போகின்றன, தலை சுற்றுகிறது. விந்தை என்னவென்றால், காற்றைத் தேவைக்கு அதிகமாக இழுத்துக்கொண்டிருக்கும் அந்த நேரத்தில்தான் காற்றே போதவில்லை என்று தோன்றும். இந்தத் தாக்குதல் பெரும்பாலும் பத்து நிமிடங்களுக்குள் உச்சத்தைத் தொட்டு, அரைமணி நேரத்திற்குள் தானாகவே தணிந்துவிடும்.

ஏன் நள்ளிரவில், அதுவும் கீமோ நாளன்று? நோய் பற்றிய அச்சம் ஒருபுறம் இருக்க, மருந்துச் சீட்டையும் ஒருமுறை பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. வாந்தியையும் ஒவ்வாமையையும் தடுக்கக் கீமோவோடு டெக்சாமெதசோன் என்ற ஸ்டீராய்டு கொடுப்பார்கள். அது தூக்கத்தைக் கெடுக்கும். நெஞ்சு படபடப்பையும் பரபரப்பையும் தூண்டும். வீட்டில் சாப்பிடத் தந்திருக்கும் அந்த மாத்திரையை இரவில் போடுகிறீர்கள் என்றால், காலையிலும் நண்பகலுக்குள்ளுமாக மாற்றிக்கொள்ளலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். வாந்திக்குத் தரும் மெட்டோகுளோப்ரமைடு இன்னொரு விதமான தொல்லை தரக்கூடும். சிலருக்கு அதைச் சாப்பிட்ட சில நாட்களுக்குள் உட்கார முடியாது, படுக்க முடியாது. கால்கள் நிலைகொள்ளாமல் கூடத்திற்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருப்பார்கள். பார்ப்பவர்கள் அதையும் பயம் என்றே நினைப்பார்கள். மருந்தை மாற்றினால் அது போய்விடும். உங்கள் வயதில் கீமோவினால் மாதவிடாய் திடீரென்று நின்று, உடல் குப்பென்று சூடாகி வியர்த்துக் கொட்டி எழுப்பிவிடுவதும் உண்டு. இவற்றில் எது உங்களுக்குப் பொருந்தும் என்பதைக் கண்டுபிடிக்க, படபடப்பு வந்த நாள், நேரம், அன்று சாப்பிட்ட மாத்திரைகள் ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்துவைத்து மருத்துவரிடம் காட்டுவதே நேர்வழி.

மீண்டும் வந்தால் எழுந்து கட்டிலில் உட்காருங்கள். இரண்டு பாதங்களும் தரையின் குளிர்ச்சியை உணரட்டும். மூச்சை இழுத்துப் பிடிக்கப் போராட வேண்டாம். வெளியே விடுவதில்தான் கவனம் இருக்க வேண்டும். மனத்துக்குள் நான்கு எண்ணும்வரை மூக்கால் இழுத்து, ஆறு எண்ணும்வரை, சூடான பாலை ஊதி ஆற்றுவதுபோல் உதடு குவித்து மெல்ல விடுங்கள். ஒரு கை வயிற்றின்மேல் இருந்தால் மூச்சு எங்கே போகிறது என்று தெரியும். கூடவே மனத்திற்கும் ஒரு வேலை கொடுங்கள். நீங்கள் ஆசிரியை; உங்கள் வகுப்பின் வருகைப் பதிவேட்டில் உள்ள பெயர்களை முதல் பெயரிலிருந்து வரிசையாக மனத்துக்குள் அழைத்துக்கொண்டே போங்கள், இடையில் ஒரு பெயர் மறந்துபோனால் மீண்டும் முதலிலிருந்து. இந்தப் பயிற்சியைப் படபடப்பு வராத நேரத்தில், காலையிலும் மாலையிலும் பத்து நிமிடம் செய்து பழகியிருந்தால்தான் இரவு இரண்டு மணிக்கு அது கைகொடுக்கும். பழகாமல் அந்த நேரத்தில் முதன்முதலாக முயன்றால் பலருக்கும் வருவதில்லை.

ஓர் எச்சரிக்கையை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். கீமோவில் இருப்பவருக்கு மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால், ‘பயம்தான்’ என்று வீட்டிலேயே முடிவு செய்துவிடக் கூடாது. காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டாலும், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலும், மருந்து ஏற்றும் குழாய் பொருத்திய பக்கத்துக் கையோ கழுத்தோ வீங்கினாலும், அரைமணி கடந்தும் மூச்சுத்திணறல் தணியாவிட்டாலும், விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வெள்ளணுக்கள் குறைந்திருக்கும்போது வரும் தொற்றும், காலிலிருந்து நுரையீரலுக்குச் செல்லும் இரத்தக்கட்டியும் படபடப்பாகவே தொடங்கக்கூடும். அன்றிரவு உங்களை ஆட்டோவில் கொண்டுபோனவர்கள் சரியானதையே செய்தார்கள்.

பேருந்து திரும்பும்போது வரும் குமட்டலுக்கும் பெயர் உண்டு; எதிர்பார்ப்புக் குமட்டல் என்பார்கள். மருந்து ஏறியபோது இருந்த வாசனை, சுவர் நிறம், டிரிப்ஸ் குழாயில் இறங்கிய அந்தச் சிவப்பு எல்லாவற்றையும் உடல் வாந்தியோடு முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டுவிடுகிறது. அதனால் கீமோ நாளில் உங்களுக்கு மிகவும் பிடித்த உணவைச் சாப்பிடாதீர்கள். அதுவும் அந்த முடிச்சில் சிக்கிக்கொண்டால் பிறகு அந்த உணவைப் பார்த்தாலே பிடிக்காமல் போய்விடும். மருந்துப் பையின்மேல் துணி போட்டு மறைக்கும்படி செவிலியரிடம் கேட்கலாம். கைக்குட்டையில் எலுமிச்சையோ ஏலக்காயோ முடிந்து வைத்துக்கொள்வதும் உதவும். இவ்வளவுக்குப் பிறகும் குமட்டினால், கீமோவுக்கு முந்தைய இரவும் அன்று காலையும் மட்டும் போட்டுக்கொள்ள பதற்றத்தைத் தணிக்கும் லோரசெபாம் போன்ற மாத்திரையை மருத்துவர் எழுதித் தருவார். வாந்தியே எடுக்கத் தொடங்கிய பிறகு கேட்பதைவிட, இப்போதே கேட்பது நல்லது. முடிச்சு இறுக இறுக அவிழ்ப்பது கடினம்.

யாரிடம் சொல்வது என்று கேட்பீர்கள். முதலில் உங்கள் புற்றுநோய் மருத்துவரிடம்தான். பூஜ்யம் முதல் பத்து வரை ஓர் அளவுகோல் வைத்து, கடந்த ஒரு வாரத்தில் உங்கள் மனவேதனை எவ்வளவு என்று கேட்பது பல நாடுகளில் புற்றுநோய்ப் பிரிவுகளின் வழக்கம். நான்கோ அதற்கு மேலோ சொன்னால் மேற்கொண்டு விசாரிக்க வேண்டும் என்பது விதி. உங்களிடம் யாரும் கேட்கவில்லை என்றால் நீங்களே எண்ணைச் சொல்லுங்கள். “பயமாக இருக்கிறது” என்பதைவிட “எட்டு” என்ற எண், நெரிசல் மிகுந்த ஓ.பி.யில் மருத்துவரை நிமிர்ந்து பார்க்க வைக்கும். சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனத்தில் நோயாளிகளின் மனநலத்திற்கென்றே தனித் துறை உண்டு. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. இரவில் பேச ஆள் வேண்டுமென்றால் மத்திய அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

கேள்வி: என் தாயாருக்கு 63 வயது. மார்பகப் புற்றுநோய் என்பதை அவரிடம் சொல்லவில்லை. சாதாரணக் கட்டி, கரைக்க ஊசி போடுகிறார்கள் என்று மட்டும் சொல்லியிருக்கிறோம். முடி கொட்டத் தொடங்கியதிலிருந்து மாலை வந்தாலே பதறுகிறார். என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு விடுவதே இல்லை. உண்மையைச் சொன்னால் உடைந்துவிடுவார் என்று பயப்படுகிறோம். என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் தாயாருக்குத் தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். மருத்துவமனைப் பலகைகளைப் படிக்கத் தெரியாதவராக இருந்தாலும், காத்திருக்கும் வரிசையில் தலையில் முக்காடிட்டு உட்கார்ந்திருக்கும் பெண்களை அவர் பார்க்கிறார். பக்கத்தில் இருப்பவரிடம் பேசுகிறார். வீட்டில் அவர் அறைக்குள் நுழைந்ததும் பேச்சு நின்றுபோவதையும் கவனிக்கிறார். பகலெல்லாம் எல்லோருடைய முகத்தையும் படித்துப் படித்து, மாலையில் களைத்துப் பதறுகிறார். மருமகளின் கையை விடாமல் பிடித்துக்கொள்வதே ஒரு கேள்விதான். வீட்டில் அந்தக் கேள்விக்கு யாராவது பதில் சொல்ல மாட்டார்களா என்று காத்திருக்கிறார்.

மறைப்பது நம் ஊர் வழக்கம் மட்டுமல்ல. அமெரிக்காவில் 1961ஆம் ஆண்டு மருத்துவர்களிடம் நடத்திய ஆய்வில், நூற்றுக்குத் தொண்ணூறு பேர் நோயாளியிடம் புற்றுநோய் என்று சொல்லாமலிருப்பதையே விரும்பினார்கள். 1979இல் அதே கேள்வியைக் கேட்டபோது 97 விழுக்காட்டினர் சொல்லவே விரும்பினார்கள். சிகிச்சை முன்னேறியதும், நோயாளிகள் பேச இடம் கிடைத்ததும், ஒரு தலைமுறைக்குள்ளாகவே அந்த மாற்றம் நடந்தது.

ஆனால் உண்மையைச் சொல்வது என்றால் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் போட்டு உடைப்பது என்று பொருள் கொள்ளாதீர்கள். முதலில் கேளுங்கள். “அம்மா, உங்களுக்கு என்ன உடம்புக்கு என்று நீங்கள் நினைக்கிறீர்கள்?” அவர் சொல்வதை நடுவில் குறுக்கிடாமல் கேளுங்கள். பிறகு “இன்னும் விவரமாகத் தெரிந்துகொள்ள வேண்டுமா, அல்லது நாங்கள் பார்த்துக்கொண்டால் போதுமா?” என்று கேளுங்கள். வேண்டாம் என்று அவரே சொன்னால் அதையும் மதிக்க வேண்டும். அறிந்துகொள்ளாமல் இருக்க அவருக்கும் உரிமை உண்டு. வேண்டும் என்றால் நோயின் பெயரைச் சொல்லி, அதே மூச்சில் சிகிச்சையின் கணக்கையும் சொல்லுங்கள்: எத்தனை ஊசி முடிந்தது, எத்தனை பாக்கி, முடி எப்போது மீண்டும் முளைக்கும் என்று. முடி திரும்ப முளைக்கும் என்ற ஒரு செய்தியே சிலருக்குப் பெரிய ஆறுதலாகிவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். மருத்துவரை வைத்துச் சொல்வதானால், அவரிடம் முன்கூட்டியே பேசி, ஓ.பி. நெரிசல் இல்லாத நேரமாகக் கேட்டு வாங்குங்கள். அம்மா அழுவார், அழட்டும். அந்த நேரத்தில் “அழாதீர்கள்” என்று சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும்.

உங்கள் மனைவியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரே கையைப் பிடித்துக்கொண்டிருந்தால் அந்தக் கையும் ஓய்ந்துபோகும். மாலை நேரத்தை வீட்டில் உள்ளவர்கள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளுங்கள். மகன் என்ற முறையில் முதல் முறை உங்களுடையதாக இருக்கட்டும்.

கேள்வி: அடுத்த வாரம் கதிர்வீச்சு தொடங்குகிறது. கனமான கதவை மூடிவிட்டு எல்லோரும் வெளியே போய்விடுவார்கள் என்கிறார்கள். மின்தூக்கியில் தனியாகப் போகவே எனக்குப் பயம். எப்படிச் சமாளிப்பேன்?

பதில்: முதல் நாளுக்கு முன்பே அந்த அறையை ஒருமுறை பார்க்க அனுமதி கேளுங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். கதவு மூடியிருக்கும்போதும் தொழில்நுட்பப் பணியாளர் உங்களைக் கேமராவில் பார்த்துக்கொண்டே இருப்பார். நீங்கள் பேசுவது அவருக்குக் கேட்கும். கூப்பிட்டால் கருவியை நிறுத்திவிட்டு உள்ளே வருவார். இதை அவர் வாயாலேயே உங்களுக்குச் சொல்லச் சொல்லுங்கள். கதிர் பாய்வது சில நிமிடங்கள்தான். வலியோ சூடோ தெரியாது. மார்பகத்திற்கு இப்போது பலருக்கும் 15 நாட்கள், அதாவது வாரம் ஐந்து நாள் வீதம் மூன்று வாரங்களிலேயே முடித்துவிடுகிறார்கள். உங்களுக்கு எத்தனை நாள் என்று கேட்டு நாட்காட்டியில் குறித்துவைத்து, ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டே வாருங்கள்.

கையைத் தலைக்கு மேல் தூக்கி அசையாமல் படுக்க வேண்டியிருக்கும். அறுவை சிகிச்சை செய்த பக்கம் தோள் இறுகியிருந்தால் அந்த வலியே பதற்றத்தைக் கூட்டும். எனவே, சொல்லிக்கொடுத்த தோள் பயிற்சியை இந்த வாரம் விடாமல் செய்யுங்கள். வீட்டிலும் அதே நிலையில் பத்து நிமிடம் படுத்து, மேலே சொன்ன மூச்சைப் பழகுங்கள்.

கேள்வி: எனக்கு 39 வயது. சிகிச்சை முடிந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. நோய் திரும்பாமலிருக்க டாமாக்சிஃபென் மாத்திரை மட்டும் சாப்பிடுகிறேன். எல்லாம் முடிந்தது என்று எல்லோரும் சொன்னாலும், ஆண்டுதோறும் மேமோகிராம் என்னும் மார்பக எக்ஸ்ரே எடுக்கும் மாதம் நெருங்கினால் தூக்கம் போய்விடுகிறது. எங்கள் குடும்ப மருத்துவர் மனப்பதற்றத்துக்கு ஃபுளுவாக்சடின் எழுதிக்கொடுத்திருக்கிறார். சாப்பிட்டால் அதற்கு அடிமையாகிவிடுவேனா?

பதில்: அடிமையாவதைப் பற்றி நீங்கள் கவலைப்படுகிறீர்கள்; எனக்குக் கவலை வேறொன்றைப் பற்றி. டாமாக்சிஃபென் உடலுக்குள் சென்று, கல்லீரலில் உள்ள ஒரு நொதியால் வேறு வடிவத்திற்கு மாற்றப்பட்ட பிறகுதான் முழு வலிமையோடு வேலை செய்கிறது. ஃபுளுவாக்சடின், பராக்சடின் ஆகிய இரண்டும் அந்த நொதியை வலுவாகத் தடுப்பவை. அதனால் டாமாக்சிஃபென் சாப்பிடுபவர்களுக்கு அவற்றைத் தவிர்ப்பதே மருத்துவர்களின் வழக்கம். வென்லாஃபாக்சின், எஸ்சிடாலோபிராம் போன்றவற்றில் அந்தத் தடை மிகக் குறைவு. குடும்ப மருத்துவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நீங்கள் டாமாக்சிஃபென் சாப்பிடுவது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். இன்னும் தொடங்கவில்லை என்றால் தொடங்காதீர்கள். தொடங்கியிருந்தால் நீங்களாகத் திடீரென்று நிறுத்தாமல், இரண்டு மாத்திரை அட்டைகளையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே புற்றுநோய் மருத்துவரைப் பாருங்கள். எக்காரணம் கொண்டும் டாமாக்சிஃபெனை மட்டும் விட்டுவிட வேண்டாம்.

நீங்கள் கேட்டதற்கும் பதில் சொல்கிறேன். இவ்வகை மருந்துகள் போதைப் பழக்கத்தை உண்டாக்குபவை அல்ல. நிறுத்தும்போது அளவைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும், அவ்வளவே. பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகலாம். முதல் சில நாட்கள் படபடப்பு சற்றுக் கூடியதுபோலவும் இருக்கலாம். பழக்கமாகிவிடக்கூடியவை அல்பிரசோலம், லோரசெபாம் போன்றவை. அவற்றைக் குறுகிய காலத்திற்கு, மருத்துவர் சொன்ன அளவில் மட்டும் சாப்பிட வேண்டும்; மருந்துக்கடையில் பழைய சீட்டைக் காட்டித் தொடர்ந்து வாங்கக் கூடாது.

மேமோகிராம் மாதத்துப் பயத்தைப் பொறுத்தவரை, எடுக்கும் நாளைவிட முடிவு வரும்வரை காத்திருக்கும் நாட்களே கொடியவை என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனவே தேதி வாங்கும்போதே முடிவு என்றைக்கு, யாரிடமிருந்து கிடைக்கும் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அன்றே தர முடியுமென்றால் அப்படியே கேளுங்கள். காலையில் முதல் ஆளாக எடுத்துக்கொள்ளுங்கள். அறிக்கை கைக்கு வந்ததும் அதிலுள்ள சொற்களைக் கைப்பேசியில் தேட வேண்டாம். மருத்துவரிடம் காட்டும்வரை உறையைப் பிரிக்காமல், உடன் வருபவரின் பையில் போட்டுவிடுங்கள். இடையில் எங்காவது வலித்தாலும் மனம் உடனே அங்கேதான் ஓடும். வலி தொடங்கிய தேதியைக் குறித்துவைத்து, இரண்டு வாரம் தாண்டியும் இருந்தால் மருத்துவரிடம் போங்கள். கட்டியாகத் தட்டுப்பட்டால் மட்டும் அந்த இரண்டு வாரத்தையும் காத்திருக்க வேண்டாம்.